இரைப்பைக்கு ஒரே வழி

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அப்பா கைநாட்டு. சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, பக்கத்து ஆள் தாளைப் புரட்டும்போது தானும் ஒரு தாளைப் புரட்டுவார். இதையெல்லாம் அடக்கமாகச் சொல்லவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்தார்கள். மற்றப் பாடங்கள் ஏறிய அளவுக்கு அது எனக்கு ஏறவில்லை.

எங்கள் ஊர் சீவலப்பேரிக்குச் சற்றுக் கிழக்கே, ஆற்றுக்கும் வயலுக்கும் நடுவில் இருக்கிறது. எங்கள் கோயில் உபதேசியார், வீட்டுக்கு ஒரு பிள்ளை வீதம் பள்ளிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டபோது அப்பா என்னை அனுப்பினார். ஆண்பிள்ளை இருந்து அவனை அனுப்பியிருந்தால் மாடு மேய்க்க ஆள் கூலிக்குப் பிடிக்கவேண்டும். என்னை அனுப்பியதால் வீட்டில் எந்த வேலையும் நின்றுபோகவில்லை. அப்படித்தான் நான் பாளையங்கோட்டையில் தங்கிப் படிக்கும் பிள்ளையானேன்.

எனக்குப் பதினோரு வயது நடந்த வருஷம் எங்களுக்கு உடற்கூறு பாடம் வந்தது. பள்ளிக்கூடத்தை நடத்திய மிஸியம்மாள் சீமையிலிருந்து வந்த ஒரு மெழுகுசீலைப் படத்தைச் சுவரில் மாட்டினார். அதில் வகிடெடுத்துச் சீவிய ஒரு வெள்ளைக்காரர், தம்முடைய நெஞ்சையும் வயிற்றையும் அலமாரிக் கதவு மாதிரி திறந்து காட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் வலி எதுவும் தெரியவில்லை. வேதபாடத்தை எப்படிப் படித்தோமோ அப்படியே இதையும் வினாவும் விடையுமாகப் படித்தோம்.

இருதயம் எத்தனை அறைகளை உடையது? நான்கு. தோலின் உபயோகம் யாது? அது உடம்பைச் சுற்றி மதிலாக நின்று, வெளியே உள்ளது உள்ளே புகாதபடி காக்கிறது. நாம் உண்ணும் உணவு எவ்வழியாய் இரைப்பையை அடைகிறது? வாய், தொண்டை, உணவுக்குழல் என்னும் வழியாய். வேறு வழி உண்டா? இல்லை, இது ஒன்றே.

வகுப்பில் இதை ஒரு சொல்கூடப் பிசகாமல் சொன்னவள் நான் ஒருத்திதான். அதற்காக எனக்கு ஒரு ஊசிப்பெட்டி பரிசு கிடைத்தது.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது இந்தப் பாடத்தையும் கூடவே கொண்டுவந்தேன். வந்த அன்றைக்கே அடுப்புக்கரியை எடுத்து, புறவாசல் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு மனிதரை வரைந்து, உள்ளே ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் எல்லாவற்றையும் வைத்தேன். பண்டிகைக்கென்று வெள்ளையடித்த சுவர் அது. அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அத்தை மட்டும் நின்று பார்த்தாள். அத்தை என்றால் அப்பாவுக்கு மூத்தவள். புருஷன் செத்தபின் எங்களோடு வந்து இருந்தவள்.

"இது யாருட்டீ?" என்று கேட்டாள்.

எல்லாரும்தான் என்றேன். நீங்கள், நான், அப்பா, எல்லாருக்கும் உள்ளே இப்படித்தான்.

"எனக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு அத்தை சாணி கரைக்கப் போனாள்.

அந்த வருஷம் வீட்டில் பேச்செல்லாம் சித்தப்பாவின் வயிற்றைப் பற்றித்தான். அப்பாவின் தம்பியான அவர் ஒருகாலத்தில் எங்கள் ஊரிலேயே சத்தமான மனிதர். வயலில் நின்று மாட்டை அதட்டினால் அக்கரையில் குளிப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கல்யாணமான பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சத்தம் குறைந்தது. முகம் வெளுத்தது. கண்ணிமைக்குக் கீழே வீங்கியது. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. மேல்வயிற்றில் ஒரு வலி, பசி மாதிரியும் இருக்கும், பசி இல்லாத மாதிரியும் இருக்கும். பிசான நெற்பயிர் களையெடுப்புக்கு நிற்க, ஊர் முழுதும் சேற்றில் இறங்கியிருக்க, அவர் ஒருவர் மட்டும் பகலில் பாயில் படுத்திருந்தார். அவர் பங்கு வேலையைச் சித்தி செய்தாள்.

வைத்தியர் அயச்செந்தூரம் என்ற இரும்புப் பொடியைத் தேனில் குழைத்துக் கொடுத்தார். தின்னும்வரை சித்தப்பா சற்றுத் தேறினார், நிறுத்தியதும் பழையபடி ஆனார். பிறகு ஒருநாள் அவர் அடுப்புக்கட்டியின் வெந்த மண்ணைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டதை அத்தை பார்த்துவிட்டாள். அதோடு அத்தைக்கு விஷயம் விளங்கிவிட்டது. மண் தின்கிறவன் மருந்து வைக்கப்பட்டவன்.

எங்கள் பக்கத்தில் இந்த நம்பிக்கை உண்டு. புருஷனை வசப்படுத்த நினைக்கிற பெண் சோற்றில் மருந்தைப் பிசைந்து கொடுப்பாள். அது வயிற்றுச் சுவரில் ஒட்டிக்கொண்டு, முதலில் அவன் வாயை அடக்கும், பிறகு உடம்பைத் தின்னும். சித்தப்பா கல்யாணத்துக்குப் பிறகு சித்தியிடம் ஒரு தடவையாவது குரலை உயர்த்தியதை யாரும் கேட்டதில்லை. ரத்தம் வற்றியவனுக்குச் சண்டை போடத் தெம்பு இராது என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு அது பெண்டாட்டி கைக்குள் போனவனின் அடையாளம்.

சித்தி எங்கள் ஆற்றுப் பக்கத்துக்காரி அல்ல. கோவில்பட்டிக்கு வடக்கே கரிசல்காட்டு ஊர். அங்கே மழை பெய்தால்தான் தண்ணீர், பருத்தியும் கம்பும்தான் விளைச்சல். அதை அத்தை நாள்தோறும் நினைவுபடுத்தினாள். "கம்பங்கூழு குடிச்சு வளந்த கைக்கு நெல்லுச்சோத்தக் கண்டதும் நெல கொள்ளல" என்பாள். சித்தி பதில் சொல்லமாட்டாள். பதில் சொல்லுகிற வழக்கம் இருந்திருந்தால் ஒருவேளை சந்தேகம் வந்திருக்காதோ என்னமோ.

அத்தையைக் கெட்டவளென்று நான் சொல்லமாட்டேன். சித்தப்பாவைப் பெற்றவள் போனபின் அவரை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அத்தை. பிள்ளையில்லாமல் திரும்பி வந்தவள், தன்னிடம் மிச்சமிருந்ததை எல்லாம் அவர்மேல் வைத்திருந்தாள். தன் கண்ணெதிரில் அவர் கரைவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியவில்லை. ஒரு காரணம் வேண்டும். காரணத்துக்குக் கையும் காலும் இருந்தால் அதை வீட்டைவிட்டு அனுப்பலாம்.

அக்கரையில் மருந்தெடுக்கிறவள் ஒருத்தி இருந்தாள். வயிற்றில் பித்தளைக் குழலை வைத்து உறிஞ்சி, உள்ளே கிடக்கும் மருந்தை வாயால் வெளியே எடுத்துக் காட்டுவாள். அவளை அழைப்பதென்று முடிவானது. அத்தை அப்பாவிடம் சொன்னது இதுதான்: மருந்து வந்தால் சித்தி தன் ஊருக்குப் போய்விட வேண்டும், வராவிட்டால் இனி அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன். அப்பா சரி என்றார். நியாயமாகத்தான் பட்டது. மருந்தெடுக்கிறவள் வந்த வீட்டில் மருந்து வராமல் போனதாக எவரும் கேள்விப்பட்டதில்லை என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

சித்திக்கு அது தெரிந்திருந்தது. மறுநாள் வாய்க்காலில் பாத்திரம் துலக்கும்போது என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டாள்.

"ஏட்டி, நீ படிக்கிற புள்ளல்லா. வயித்துக்குள்ள கெடக்குதத வெளிய இருந்து தோல் வழியா உறிஞ்ச முடியுமா?"

முடியவே முடியாது என்றேன். தோல் ஒரு மதில் என்பதை விளக்கினேன். அதற்குக் கீழே சதை, சதைக்குக் கீழே சவ்வு, அதற்கும் உள்ளே இரைப்பை தனிப் பை.

"இத எல்லாரும் இருக்கும்போது அங்கன வச்சுச் சொல்லுவியா?"

"சொல்லுவேன். மனப்பாடமாத் தெரியும்."

"அப்பம் நான் வாயத் தொறக்க வேண்டாம். நான் சொன்னா பொண்டாட்டி சொல்லுதான்னு வரும். நீ சொன்னா பள்ளிக்கூடமே வந்து சொல்லுத மாதிரி." சொல்லிவிட்டுச் சாம்பல் கையாலேயே என் மோவாயைத் தொட்டாள்.

என்னைப் பள்ளிக்கூடமாகவே ஒருவர் நினைத்தது அதுதான் முதல் தடவை. அன்றிரவு விடையை நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்து, கடைசியில் புத்தகத்தில் இருந்தபடியே சொல்வது என்று தீர்மானித்தேன்.

ஒரு சிக்கல் இருந்தது. நாங்கள் சபைக்குட்பட்டவர்கள். மந்திரவாதமென்று உபதேசியார் காதுக்கு எட்டினால் நற்கருணையிலிருந்து தள்ளிவைத்துவிடுவார். அதனால் மருந்தெடுக்கிறவள் கருவாடு விற்கிறவளாக வருவதென்று ஏற்பாடு. உபதேசியார் கூட்டத்துக்குப் பாளையங்கோட்டை போயிருந்த நாளாகப் பார்த்து, கூடையின் மேலே நெத்திலியைப் பரப்பிக்கொண்டு அவள் தெருவுக்குள் நுழைந்தாள். கோயிலடியில் உபதேசியார் மனைவி அவளை நிறுத்தி விலை கேட்டாள், கட்டுப்படியாகாது என்றாள், மறுபடி கூப்பிட்டாள். அரைக்கூடை கருவாட்டை விற்றுவிட்டுத்தான் அவள் எங்கள் வீட்டுக்கு வர முடிந்தது. கருவாடு நன்றாக இருந்ததென்று உபதேசியார் மனைவி பிறகும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சித்தப்பாவை நடுவீட்டில் பாயில் படுக்கவைத்தார்கள். மருந்தெடுக்கிறவள் குட்டையான, வெற்றிலைக் கறை படிந்த பெண்பிள்ளை. செம்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்து, வாயை அகலத் திறந்து எல்லாருக்கும் காட்டினாள். பிறகு குழலைத் தொப்புளுக்கு மேலே வைத்து உறிஞ்சத் தொடங்கினாள். சித்தப்பாவுக்குக் கூச்சம் தாங்கவில்லை, சிரித்துவிட்டார். அவர் சிரித்துக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. நானும் சிரித்தேன். அத்தை இரண்டு பேரையும் அதட்டினாள்.

மருந்தெடுக்கிறவள் நிமிர்ந்து தேங்காய்ச் சிரட்டையில் துப்பினாள். எச்சிலோடு கறுப்பாக, புளியங்கொட்டை அளவில் என்னமோ கிடந்தது.

அத்தை குனிந்து பார்த்தாள். ஜெயித்த முகத்தைத்தான் நான் எதிர்பார்த்தேன். ஆனால் அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "இதச் சொமந்துக்கிட்டா எம்புள்ள இத்தன நாளும் கெடந்தான்" என்றாள். அந்த அழுகையில் பொய் கிடையாது.

சித்தி அடுப்படி நிலையில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் எழுந்து, வகுப்பில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு, தோலின் உபயோகத்தில் தொடங்கி முழு விடையையும் சொன்னேன். உள்ளே கிடப்பதைத் தோல் வழியாக எடுப்பது கூடாத காரியம் என்று, பாடத்தில் இல்லாத ஒரு வாக்கியத்தையும் என் சொந்தமாகச் சேர்த்துக்கொண்டேன்.

மருந்தெடுக்கிறவள் கோபப்படவில்லை. குழலைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரு புள்ள இது?"

"எம் மவதான். பாளையங்கோட்டைல படிக்கா" என்றார் அப்பா. இந்த இக்கட்டிலும் அவர் குரல் ஒரு சுற்றுப் பெருத்திருந்தது.

"நல்லா சொல்லுதா. ஏட்டி, தோல் வழியா ஒண்ணும் வெளிய வராதுங்கியே, வேர்வ வருதுல்லா?"

வேர்வை ரத்தத்திலிருந்து வருகிறது, இரைப்பையிலிருந்து அல்ல என்றேன். அந்தத் துவாரங்கள் வெளியே விடுமே தவிர உள்ளே எதையும் விடாது.

"அப்பம் தோல் வழியா உள்ள ஒண்ணும் போவாது."

"போவாது."

"மூக்கு வழியா?"

"அது நுரையீரலுக்குப் போற வழி."

"காது?"

"காதுக்குள்ள சவ்வு இருக்கு. அடச்சிருக்கும்."

"அப்பம் வயித்துக்குள்ள ஒண்ணு போகணும்னா எது வழியா போவும்?"

"வாய் ஒண்ணுதான். வேற வழியே கெடையாது."

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் துரை கேள்வி கேட்கும் நாளில்கூட எனக்கு இவ்வளவு வரிசையாகக் கேள்வி விழுந்ததில்லை. ஒன்றுக்கும் தடுமாறவில்லை. மருந்தெடுக்கிறவள் அதற்குமேல் எதுவும் கேட்காமல் குழலைக் கூடையில் நெத்திலிக்கு அடியில் வைத்தாள்.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பாவைப் பார்த்து, சத்தம் போடாமல், பையத்தான் சொன்னாள்.

"கேட்டியா தம்பி. படிச்ச புள்ள சொல்லுது. வாய் ஒண்ணுதான் வழி. அந்த வாய்க்குச் சோறு வச்சது யாரு?"

சித்தப்பா பாயிலிருந்து கையை ஊன்றி எழுந்து, "அவ ஒண்ணும் வைக்கல" என்றார்.

"பாத்தியா" என்றாள் அத்தை. "அவன் பேசல. மருந்து பேசுது."

தோல் வழியாக அந்தக் கட்டி வந்திருக்க முடியாது என்ற பகுதியை யாரும் கவனிக்கவில்லையே என்று நான் மறுபடி தொடங்கினேன். அது கிடக்கட்டும், நீ சொன்னது போதும் என்று அப்பா என் தலையில் கைவைத்தார். சித்தி நிலையை விட்டு நகர்ந்து உள்ளே போனாள். உலையில் கொதித்த சோற்றை வடித்தாள். அன்றைய சோற்றை யாருக்குப் போடுவதென்று தெரியாமல் அம்மா கொஞ்சநேரம் பானையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எல்லாருக்கும் போட்டாள். எல்லாரும் தின்றோம்.

சாயங்காலம் அப்பா சாவடியில் என் பதில்களை ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார். வக்கீல் மாதிரிப் பேசினாளாம், குறுக்குக் கேள்விக்கு அசரவில்லையாம். நான் சொன்னதைப் பெரியவர்கள் முதன்முதலாக ஒத்துக்கொண்ட நாள் அது. இரைப்பைக்கு ஒரே வழிதான் என்பது எங்கள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலையில் சித்தியை அனுப்பிவிட்டார்கள்.

அவள் போன பிறகு சித்தப்பாவுக்கு அத்தையே சமைத்துப் போட்டாள். தன் கையால் பிசைந்தும் கொடுத்தாள். அவர் தேறவில்லை. மருந்து போனாலும் அதன் வேர் உள்ளே இருக்கிறது என்றாள். மாசியில் அறுவடை முடிந்து, போர் அடித்து, நெல்லை அளந்த மறுநாள், கோவில்பட்டிப் பக்கம் வைக்கோலுக்கு விலை கேட்டுவருகிறேன் என்று சித்தப்பா ஒரு வண்டியில் ஏறிப் போனார். திரும்பவில்லை. மாமனார் ஊரில் பருத்திக்காட்டில் வேலை செய்வதாகவும் கம்பங்கஞ்சி குடிப்பதாகவும் ஆட்கள் வந்து சொன்னார்கள். கம்பங்கஞ்சி என்ற சொல்லைக் கேட்டபோது அத்தை காதைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் சித்தப்பா எங்கள் கோயில் அசன விருந்துக்கு வந்தார். முகத்தில் ரத்தம் ஓடியது. கெண்டைக்கால் திரண்டிருந்தது. பந்தியில் யாரையோ அவர் கூப்பிட்ட சத்தத்துக்கு, ஆற்றில் வண்டிமாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவன் அக்கரையிலிருந்து என்ன என்று கேட்டான். அத்தை தன் இலையிலிருந்த கறித்துண்டை எடுத்து அவர் இலையில் வைத்தாள். அவர் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அம்மாவிடம் வந்து, "பாத்தியா, அவன அங்கன கொண்டுபோயிட்டாள்லா. இனி எதுக்கு வைக்கப்போறா? நிறுத்திட்டா" என்றாள். நோயும் சாட்சி, குணமானதும் சாட்சி.

நான் இப்போது ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பழகுகிறேன். எங்கள் வார்டில் வெளுத்த முகத்தோடு வந்து படுப்பவர்கள் பாதிப்பேர் நஞ்சைக் காட்டு ஜனங்கள். டாக்டரம்மாள் எங்களை மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்காரவைத்து, மலத்தில் இருந்த முட்டைகளைக் காட்டினார். குடலில் கடித்துத் தொங்கிக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கும் நூல்போன்ற புழுவின் முட்டை அது. ஓம உப்பைக் கொடுத்து, பேதிக்கும் கொடுத்தால் புழு கழன்று விழும். நான் பல பேருக்குக் கொடுத்திருக்கிறேன். ஓரிரு மாதத்தில் இரும்பு மருந்தும் சேர்ந்து அவர்கள் முகம் சிவப்பதைப் பார்க்கலாம். மண் தின்பதையும் விட்டுவிடுவார்கள்.

இந்தப் புழு எப்படி உள்ளே போகிறது என்று டாக்டரம்மாள் கேட்டபோது முதலில் கையைத் தூக்கியவள் நான்தான். வாய் வழியாக என்றேன். இல்லை என்றார். வரப்போரம் ஒதுங்குகிறவர்களின் மலத்திலிருந்து குஞ்சு பொரித்து, ஈரச் சேற்றில் காத்திருந்து, வெறுங்காலின் விரலிடுக்கில் தோலைத் துளைத்துக்கொண்டு ஏறுகிறது. நடவு நாளில் எங்கள் ஊரில் எல்லாருக்கும் அந்த இடத்தில் அரிக்கும். வேப்பெண்ணெயைத் தடவிவிட்டு மறந்துபோவோம். அது ரத்தத்தில் கலந்து, இருதயத்தின் அறைகளைக் கடந்து, நுரையீரலுக்குப் போய், மூச்சுக்குழல் வழியே தொண்டைக்கு ஏறி, அங்கே விழுங்கப்பட்டு இரைப்பைக்குள் இறங்குகிறது. ஆகக் கடைசியில் அதுவும் தொண்டை வழியாகத்தான் போகிறது. அந்த அளவுக்கு நான் படித்தது சரிதான். மதிலைப் பற்றிய விடையைத்தான் திருத்தவேண்டும்.

காய்ந்து வெடிக்கும் கரிசலில் அந்தக் குஞ்சுக்கு வாழ்வில்லை. புதிதாக ஏறாவிட்டால் பழையவை வயதாகிச் சாகும். கம்பில் இரும்புச் சத்து உண்டு. சித்தப்பா தேறியது இப்படித்தான்.

போன விடுமுறையில் இதை வீட்டில் சொன்னேன். அத்தைக்கு வயதாகிவிட்டாலும் காது நன்றாகக் கேட்கிறது. முழுவதையும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏட்டி, அதே சேத்துலதான எல்லாரும் நின்னோம். புழுவுக்கு ஆள் தெரியுமா? அவன மட்டும் எதுக்குப் புடிச்சுது?"

நல்ல கேள்விதான். பதில் சொல்ல வேண்டுமானால் சித்தி புறப்பட்ட அந்தக் காலையைச் சொல்லவேண்டும்.

ரஸ்தாவில் வண்டி நின்றது. வீட்டிலிருந்து ரஸ்தாவுக்கு வயல்வரப்பில்தான் போகவேண்டும். அப்பா முன்னாலேயே போய்விட்டார். சித்தியின் ஓலைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் கூடப் போனேன். தலையில் பெட்டி இருந்தும் நான் முன்னால் போய்ப் போய், திரும்பி நின்று அவளுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. மடைக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்துவிட்டாள். கழுத்துக்குழியில் தோல் படபடவென்று துடித்தது. உதடும் கன்னமும் ஒரே நிறமாக இருந்தன. அழுதிருப்பாள், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவள் அழவில்லை. அந்த வருஷம் தன் களையையும் புருஷன் களையையும் அவளே எடுத்திருந்தாள். அவளுக்கு மருந்து வைத்தது யார் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

"நேத்து நான் நல்லா சொன்னேனா சித்தி?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் சொன்ன" என்றாள். "ஒரு வார்த்த பிசகல."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவளுக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்து, நுரையீரல் இரண்டு என்பதையும், வலதுபக்கத்ததற்கு மூன்று இதழ், இடதுபக்கத்ததற்கு இரண்டு என்பதையும் சொன்னேன். அவள் குனிந்து சேறு படிந்த பாதத்தைக் கையால் பிடித்துவிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கால் ரெண்டும் கல்லக் கெட்டித் தொங்கவிட்ட மாதிரி கனக்குட்டி" என்றாள். "ஒங்க பாடத்துல காலப் பத்தி என்ன போட்டிருக்கு?"

"கால் இன்னும் வரல சித்தி. அது பெரிய வகுப்புலதான்."

"அப்பம் படிச்சிட்டுச் சொல்லு" என்று எழுந்தாள். நான் பெட்டியைத் தலைக்கு ஏற்றிக்கொண்டேன். இந்தத் தடவை அவளை முன்னால் விட்டு, வெறுங்காலோடு அவள் வரப்பில் நடக்க நடக்க, நுரையீரலை முதலிலிருந்து மறுபடி சொல்லிக்கொண்டு பின்னாலேயே போனேன்.